பாட்டை வெட்டிய பாராட்டு விழா

மைக் என் கையில் இருந்தது. மற்றக் கையில் எங்கள் இசை வட்டத்தின் தலைவர் குலசிங்கம் அண்ணை தந்த தாள். யார் யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அவரே எழுதித் தந்திருந்தார். முதல் பெயர் அவருடையது.

மண்டப வாசலில் அடுத்த விழாக்காரர்கள் பலூன்களோடும் கேக் பெட்டியோடும் வந்து நின்றார்கள். ஏதோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். நாங்கள் வெளிக்கிட்டால்தான் அவர்கள் உள்ளே வரலாம்.

முன்வரிசையில் பெரில் இருந்தார். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண். ஒரு காலத்தில் ஒரேயொரு கன்ட்ரி இசைத்தட்டு வெளியிட்டவர். மடியில் கித்தார். கித்தாருக்கு மேலே, சலவைக்குப் போட்ட துணி மாதிரி, பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. பாடுவதற்கென்று மலை தாண்டி ரெயிலில் வந்த மனிசி இன்னும் ஒரு வரிகூடப் பாடவில்லை.

"நேரம் போட்டுது தங்கச்சி," என்று குலசிங்கம் அண்ணை என் காதருகே குனிந்தார். "பாட்டை விடுவம். நீங்கள் நன்றியுரையைச் சொல்லி முடிச்சுவிடுங்கோ."

பாடகியை அழைத்து, பாடகியைப் பாராட்டி, பாடகியைப் பாடவிடாமல் திருப்பி அனுப்ப எங்கள் ஆட்களால்தான் முடியும். பாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லையாம். நன்றியுரை இல்லாவிட்டால் விழா முடிந்ததாகாதாம்.

போன கிழமை இதே பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் போன் எடுத்து, "அக்கா, நீங்கள் ஒருத்தரையும் நல்லாச் சொல்லுறதில்லையே," என்று குறைப்பட்டார். இந்தக் கிழமை அவர் வாசிக்காமல் விடுவது அவருக்கு நல்லது.

கார் நிற்காத கராஜ்

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருக்கிற குலசிங்கம் அண்ணையின் கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. கார் மழையிலும் வெயிலிலும் ரோட்டில் நிற்கும். உள்ளே இசைத்தட்டுகளும் பழைய பிளேயரும் பிளாஸ்டிக் கதிரைகளும் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் 'பழைய கன்ட்ரி இசை ரசிகர் வட்டம்' அங்கே கூடும்.

எங்கள் ஆட்களுக்கும் ரெயில், மழை, குதிரை, விட்டுப்போன காதலி என்று உருகுகிற வெள்ளைக்காரர் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்நாட்டுக்காரர் கேட்பார்கள். இலங்கையில் வளர்ந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வானொலியின் ஆங்கிலச் சேவையில் ஓர் அமெரிக்கர், தேனில் தோய்த்த குரலில், எங்கள் அப்பாமார் எல்லோரையும் மயக்கி வைத்திருந்தார். பெயர் சொல்லத் தேவையில்லை. இலங்கையிலே கிறிஸ்மஸுக்கு இயேசு வராவிட்டாலும் வானொலியில் அவர் வருவார்.

அந்த ஒரு குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு சிட்னியில் கன்ட்ரி இசைக்கு அதிகாரிகள். தங்களுக்கு மீசை முளைத்த வருசத்தோடு உண்மையான கன்ட்ரி இசை செத்துப்போனது என்பது அவர்களுடைய முடிந்த முடிவு. அதற்குப் பிறகு பாடியவன் எல்லாம் கள்ளன். பாடியவள் என்று ஒருத்தி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டைப் போடுவதற்கு முன் கொண்டுவந்தவர் எழும்பி அறிமுகம் செய்யவேண்டும். பாட்டு மூன்று நிமிடம் என்றால் அறிமுகம் அரை மணித்தியாலம். பாடகர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை தரம் கலியாணம் கட்டினார், எந்தத் தொப்பி போட்டார் எல்லாம் வரும். தான் அந்தப் பாட்டைக் கேட்டபோது எந்த பாங்கில் எந்தப் பதவியில் இருந்தார் என்பதும் வரும். கடைசியில் ஊசியை வைக்கும்போது கேட்கிறவர்களுக்குப் பசி வந்திருக்கும்.

இன்னொரு வழக்கம் இதைவிடப் பெரிய கூத்து. ஒரு பாட்டை வட்டத்துக்கு முதல் கொண்டுவந்தவர் அதைக் 'கண்டெடுத்தவர்'. அவர் பெயரைச் சொல்லாமல் வேறு ஒருவரும் அதைப் போடக்கூடாது. உலகமே கேட்டுக் களைத்த ஒரு பாட்டைக் கண்டெடுத்தது யார் என்று இரண்டு கிழவர்கள் சண்டை பிடித்து, ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகாமல் விட்ட கதையும் உண்டு. அந்தப் பாட்டைப் பாடின மனிசனுக்கு இது தெரிந்திருந்தால் பாடுவதையே விட்டிருப்பார்.

பெண்களுக்கு வட்டத்தில் இடமுண்டா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு, குசினியில். ரோல்ஸும் கட்லெட்டும் பொரிக்கப் பொரிக்கக் கராஜுக்குள் போகும். பாட்டு கதவிடுக்கால் வரும். சட்டியில் எண்ணெய் சத்தம் போடாத நேரம் பார்த்து நாங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு பெண், ஒரு நாய்

பெரிலின் இசைத்தட்டை எடுத்தது நான். மெரிலேண்ட்ஸில் பழைய சாமான் விற்கிற கடைக்கு இடியப்பத் தட்டு தேடிப் போனேன். இங்கே வெள்ளைக்காரர் கழித்துவிடுகிற சாமானுக்குள் இடியப்பத் தட்டு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வந்திருக்கிறது, நானே எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு அது அகப்படவில்லை. புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இசைத்தட்டு கிடந்தது. உறையில் ஒரு பெண், முழங்கால்வரை சப்பாத்து, கையில் கித்தார். சிரிக்கவில்லை. மற்றப் பாடகிகள் எல்லாம் பல் டொக்டரிடம் காட்டுகிற மாதிரிச் சிரிக்கிற காலத்தில், இந்தப் பெண் கமராக்காரனை 'உனக்கு என்ன வேணும்' என்று பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் போட்டுக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு. புருசன் லொறியையும் நாயையும் கொண்டு போய்விட்டான் என்பது முதல் பந்தி. சில நாள் கழித்து நாய் மட்டும் திரும்பி வந்தது, மயிரெல்லாம் முள், 'உனக்கு இருக்கிற புத்தி அவனுக்கு இல்லை' என்று அவள் சொல்கிறாள். இது இரண்டாவது. மூன்றாவது பந்தியில், நாய் இன்னும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்கிறது. அது பார்க்கட்டும், எனக்கு வேலை கிடக்கிறது என்று பாட்டு முடிகிறது.

நான் அழுதேன். என்னை விட்டுவிட்டு ஒருவரும் போகவில்லை, எங்கள் வீட்டில் நாயும் இல்லை. ஆனாலும் அழுதேன். வெங்காயம் வெட்டாமல் அழுதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

என் கணவர் மகேந்திரன் வந்ததும், "இஞ்சாருங்கோ, இதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ," என்று கொடுத்தேன். இவர் கேட்கவில்லை. நேரே கராஜுக்குக் கொண்டு போனார். குசினிக்குள் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"இது ஆர் கண்டெடுத்தது?" குலசிங்கம் அண்ணையின் குரல்.

"நான்தான்." என் வீட்டுக்காரரின் குரல்.

பாட்டு தொடங்கியது. நாய் திரும்பி வந்த இடத்தில் கராஜே வெடித்துச் சிரித்தது. "நாய்க்கு இருக்கிற புத்தி!" என்று ஒருவர் தொடையில் அடித்தார். மூன்றாவது பந்தி முழுவதும் அந்தச் சிரிப்புக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து அது வட்டத்தின் 'நகைச்சுவைப் பாட்டு'. யாருக்கும் மனம் சரியில்லை என்றால் மகேந்திரனின் நாய்ப் பாட்டைப் போடு என்பார்கள். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நான் எடுத்ததெண்டு சொன்னால் என்ன?"

"பொம்பிளை கண்டெடுத்ததெண்டால் அவையள் என்ன நினைப்பினம்?" என்றார் இவர். கெட்டவர் இல்லை. கராஜுக்குள் போனால் மூளையைச் சப்பாத்தோடு வாசலில் கழற்றி வைத்துவிடுவார்.

நோபல் பார்க்காருக்குப் பதில்

மெல்பேர்னில் நோபல் பார்க்கிலும் இப்படி ஒரு வட்டம் இருக்கிறது. அவர்களும் எங்கள் ஆட்கள், அதே தேன்குரல், அதே கட்லெட். அவர்கள் யாரோ ஒரு உண்மையான கன்ட்ரி பாடகரை அழைத்து விழா வைத்ததாகவும், மாலை போட்டுப் படம் எடுத்ததாகவும் செய்தி வந்தது. அந்த நாளிலிருந்து குலசிங்கம் அண்ணைக்கு நித்திரை இல்லை.

அதே நேரத்தில் என் மகள் லாவண்யா, நான் அந்தத் தட்டு உறையைத் துடைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். போனில் எதையோ தட்டினாள்.

"அம்மா, ஷீ இஸ் ஸ்டில் அலைவ்."

பெரில், ப்ளூ மவுண்டன்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தார். லாவண்யா நம்பரைத் தேடித் தர நான்தான் பேசினேன். நாய்ப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். "அதை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சிரிக்கத்தான் கேட்பார்கள்," என்றார். நான் சிரிக்கவில்லை என்றேன். ஒரு நாள் நேரில் பாடிக் காட்டுகிறேன் என்று சொன்னார். அந்த ஒரு பாட்டை அவர் வாயால் கேட்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

இவர் அதைக் கொண்டுபோய் வட்டத்தில் சொன்னார். மறுநாளே அது விழாவாகிவிட்டது. மண்டபம் எடுத்தாயிற்று, பேச்சாளர்கள் முடிவாயிற்று, மலர்மாலை சொல்லியாயிற்று. நோபல் பார்க்கார் ஒரு மாலை போட்டால் நாங்கள் ஐந்து போடவேண்டும். பெண்களுக்கும் மேடையில் இடம் தரவேண்டும் என்று யாரோ சொல்ல, எனக்கு நன்றியுரை விழுந்தது. சாப்பாட்டுக்கு முன் வருவதால் யாரும் கேட்காத உரை அது. அதனால்தான் எப்போதும் பெண்களுக்குக் கொடுப்பார்கள்.

பொன்னாடை மழை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரில் வந்து இறங்கினார். மண்டபத்துக் குசினிக்குள் கதிரை போட்டு இருத்தினேன். தேத்தண்ணி வேண்டாம், வெறும் சுடுதண்ணி போதும் என்றார். கட்லெட்டைக் காட்டினேன். பாடி முடித்த பிறகு என்றார். பாடுகிற நாளில் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லையாம். கித்தாரைச் சுருதி கூட்டிக்கொண்டே, "அந்தத் தட்டில் அதை ஓடவிட்டார்கள்," என்றார். "நான் எழுதினது மெதுவான பாட்டு. சிரிப்புப் பாட்டாக விற்கலாம் என்று வேகமாகப் பாடவைத்தார்கள். இன்றைக்கு என் இஷ்டத்துக்குப் பாடுவேன்."

இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டு இருந்ததும் முழுப் பாட்டு இல்லை.

விழா தொடங்கியது. விளக்கேற்றல். மௌன அஞ்சலி. வரவேற்புரை. தலைமையுரை. குலசிங்கம் அண்ணை கன்ட்ரி இசையின் வரலாற்றை ஆதியிலிருந்து தமிழில் பேசினார். அது முடிந்து நாங்கள் கைதட்டத் தொடங்கியபோது, "ஐ வில் சே தி சேம் இன் இங்கிலிஷ்," என்று மறுபடி தொடங்கினார். பெரில் தலையாட்டிக்கொண்டு இருந்தார். பாவம், நல்ல வளர்ப்பு.

அதற்குப் பிறகு வாழ்த்துரைகள். வாழ்த்தியவர்களில் பாதிப்பேர் தங்களுக்கும் அந்தத் தேன்குரல் அமெரிக்கருக்கும் உள்ள உறவைப் பற்றியே பேசினார்கள். பெரிலின் பாட்டில் ஒன்றையாவது பெயர் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் பேசி முடித்துக் கீழே வந்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். தோளில் இடமில்லாமல் போனதும் கித்தாருக்கு மேல் போட்டார்கள். அவர் அதற்குக் கீழே கையை விட்டு நரம்புகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இந்த மாபெரும் கலைஞரைக் கண்டெடுத்த பெருமை எங்கட மகேந்திரன் அவர்களைச் சாரும்!" என்றார் குலசிங்கம் அண்ணை.

என் வீட்டுக்காரர் எழும்பிக் கைகூப்பினார். திரும்பியபோது என் முகத்தைப் பார்த்தார். கைகூப்பியபடியே கதிரையில் இருந்துவிட்டார்.

நான் சொல்லாத நன்றி

இப்படித்தான் மைக் என் கைக்கு வந்தது. வாசலில் பலூன், காதருகில் தலைவர், கையில் தாள். பெரில் கித்தாரைத் துணிக்குள்ளிருந்து எடுக்க முயன்று, முடியாமல், மெல்ல விட்டுவிட்டார்.

தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். மைக்கில், "இண்டைக்கு நன்றியுரை இல்லை. பெரில் பாடுவா," என்றேன்.

"தங்கச்சி! என்ன இது? நேரம்..."

நான் மேடையிலிருந்து இறங்கினேன். கித்தாருக்கு மேலிருந்த பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னாலேயே இறங்கி வந்த குலசிங்கம் அண்ணையின் கையில் கொடுத்தேன். மரியாதைக்குரிய சாமான், கீழே போடமுடியாது, அவரும் வாங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையும் கண்ணாடியும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த நிலையில் அவரால் என்னைத் தடுக்க முடியவில்லை.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டவர் ஹோம்புஷிலிருந்து வருகிற தமிழ்நாட்டுக்காரர், பெயர் சுந்தர். "மைக்கை நிப்பாட்டும் தம்பி!" என்று குவியலுக்குள்ளிருந்து கட்டளை வந்தது.

"ஆமா சார், பாத்துட்டிருக்கேன் சார், எந்த வயர்னு தெரியல சார்," என்றார் சுந்தர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரில் நிதானமாக மறுபடி சுருதி கூட்டினார். யாருக்காகவும் அவசரப்படவில்லை. நான் மைக்கை அவர் வாயருகே பிடிக்க, பாடினார்.

குரல் போயிருந்தது. உயரத்துக்கு எட்டவில்லை, சில சொல்லில் காற்று மட்டும் வந்தது. ஆனால் அவ்வளவு மெதுவாக ஒரு பாட்டு நடந்து வருவதை நான் கேட்டதில்லை. புருசன் போனான். வட்டத்தார் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள். நாய் திரும்பி வந்தது. இரண்டு மூன்று பேர் பழக்கதோசத்தில் சிரித்தார்கள். அவர் நிறுத்தி, அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தார். ஒரு நரம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் சிரிப்பு வெட்கப்பட்டு அடங்கியது.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது பந்தியைத் தொடங்கினார். நாய் ரோட்டைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. 'எனக்கு வேலை கிடக்கிறது' என்ற கடைசி வரியைப் பாடவில்லை, சாதாரணமாகச் சொன்னார், கித்தாரைக் கீழே வைத்துக்கொண்டே.

முதலில் கைதட்டியது பலூன் வைத்திருந்த பெண். எங்கள் ஆட்கள் ஆளையாள் பார்த்துவிட்டுப் பிறகு தட்டினார்கள். நான் தட்டவில்லை. மைக் கையில் இருந்தது, கண்ணும் தெரியவில்லை.

பெரில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "இப்போது அந்தக் கட்லெட் கிடைக்குமா?"

பின்கதை

யாருக்கும் நன்றி சொல்லாமல் ஒரு தமிழ் விழா முடிந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். செயற்குழு கூடி வருத்தம் தெரிவித்தது. குலசிங்கம் அண்ணை என்னோடு பேசுவதில்லை. சந்தையில் கண்டால் முருங்கைக்காயை முறித்து முறித்துப் பார்க்கிறார். என்னைத் தாண்டிப் போகும்வரை அந்த முருங்கைக்காய்க்கு விமோசனம் இல்லை.

ஆனால் கராஜில் இப்போது நாய்ப் பாட்டைப் போடும்போது யாரும் சிரிப்பதில்லையாம். "இதை ஒரு சோகப் பாட்டெண்டு நான் அப்பவே சொன்னனான்," என்று அண்ணை அரை மணித்தியாலம் அறிமுகம் செய்கிறாராம். செய்யட்டும். நான் இப்போது ரோல்ஸ் பொரிக்கப் போவதில்லை. கடையில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அன்று பெரிலைப் பரமட்டாவில் அவருடைய தமக்கையின் மகள் வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் திரும்பினோம். இவர் கார் ஓட்டினார். வழக்கமாக விழா முடிந்தால் யார் எப்படிப் பேசினார் என்று வாய் மூடாமல் சொல்லுவார். அன்றைக்கு மெரிலேண்ட்ஸ் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"அந்தக் கடைசிப் பந்தி," என்றார். "நான் ஒருநாளும் கேக்கேல்லையப்பா."

"தட்டு எங்கட வீட்டிலதான் கிடக்கு."

"ஓம். எத்தினை தரம் போட்டிருப்பன். அங்கை ஆரும் கேக்க விட்டால்தானே." ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு இருந்தார். "அதை நீர்தான் எடுத்தனீர் எண்டு நான் சொல்லியிருக்க வேணும்."

"ஓம், சொல்லியிருக்க வேணும்."

விளக்குப் பச்சையாயிற்று. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கும்வரை இவர் காரை எடுக்கவில்லை.

"வீட்டை போய் அந்தத் தட்டைப் போடுவமே?" என்றார். "ரெண்டு பேருமா இருந்து கேப்பம்."

"நீங்கள் போட்டுக் கேளுங்கோ," என்றேன். "நான் கேட்டிட்டன்."